பிசின் அரைத்த தேதி

12.01.1998 — பிசின் கட்டி, 60 கிலோ — 19,200
09.02.1998 — நான்காம் மணி — 58
20.04.1998 — நான்காம் மணி — 57
03.08.1998 — அரவை இயந்திரம், ஒன்று — 1,85,000
17.11.1998 — பிசின் கட்டி, 400 கிலோ — 1,28,000
11.01.1999 — நான்காம் மணி — 64
15.03.1999 — நான்காம் மணி — 71
10.05.1999 — நான்காம் மணி — 79

இந்த எட்டு வரிகளும் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் பதிவேடுகளில் என் கையெழுத்தில் இருப்பவை. ஒவ்வொன்றும் சரி. ஆனால் எத்தனை முறை படித்தாலும் மே மாதத்து 79 ஏன் வந்தது என்று இவற்றிலிருந்து சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய தேதி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை எழுத ஒரு கட்டமே நான் போட்டிருக்கவில்லை. அது சல்லடை அறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் நினைவில் மட்டும் இருந்தது. இது அவரைப் பற்றியது.

தொழிற்சாலையில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் சல்லடையக்கா. பதிவேடு எழுதுகிற நான் தேதி சார். 1986இல், இருபத்தேழு வயதில், புட்டி கழுவும் வேலைக்கு வந்தார். பிறகு லேபிள் ஒட்டினார், அட்டைப்பெட்டி மடித்தார், மாத்திரை எண்ணினார். 1997 டிசம்பரில் பிசின் அறை திறந்தபோது, தூசி மூக்கில் ஏறும், யார் போகிறீர்கள் என்று கேட்டார்கள். முதலில் எழுந்தவர் அவர். ஏன் என்று கேட்டேன்.

"லேபிள் ஒட்டற எடத்துல வாயத் தொறக்கக் கூடாது சார். பேசினா லேபிள் கோணலாப் போகுதாம். இங்கே மெஷின் போடற சத்தத்துல நான் என்ன பேசினா யாருக்குக் கேக்கப் போகுது?"

அவருக்குக் கீழே மூன்று பெண்கள். வேலை இதுதான். வறண்ட மலைக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின், காய்ந்த கட்டிகளாகச் சாக்கில் வரும். அதில் ஒட்டியிருக்கும் பட்டைச் சிராய்களைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். பிறகு உலர்த்தி, உடைத்து, அரைத்து, மூன்று சல்லடைகளில் சலிக்க வேண்டும். கடைசிச் சல்லடையில் இறங்கும் பொடி முகத்துக்குப் பூசும் மாவைவிட மென்மையானது. மாலையில் நான்கு பேரும் வெளியே வரும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பார்கள். "காலையில நாப்பது வயசுப் பொண்டாட்டிய அனுப்பறேன், சாயங்காலம் அறுபது வயசுல ஒருத்திய திருப்பி அனுப்பறாங்க" என்பார் அவர் கணவர். அறையில் எப்போதும் காடியின் புளித்த வாடை அடிக்கும். அது அந்தப் பிசினின் இயல்பு.

பொடி எதற்கு என்றால், சர்க்கரை நோய்க்கான மாத்திரைக்கு. மருந்து மெட்ஃபார்மின், தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். சாதாரண மாத்திரையை விழுங்கினால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் வயிற்றில் இறங்குகிறது. சிலருக்கு அதனால் வயிறு கலங்குகிறது. நாளைக்கு மூன்று வேளை விழுங்கவும் வேண்டியிருக்கிறது. அதே மருந்தோடு பிசின் பொடியைக் கலந்து அழுத்தினால் கதை வேறு. ஈரம் பட்டதும் மாத்திரையின் மேற்புறத்துப் பிசின் ஊதிக் கூழாகி, உள்ளே இருப்பதைப் பொதிந்துகொள்கிறது. மருந்து அந்தக் கூழின் ஊடாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிய முடியும். ஒரு மாத்திரைக்கு ஐந்நூறு மில்லிகிராம் மருந்து, முந்நூறு மில்லிகிராம் பிசின். ஒரு பேட்ச் என்பது ஒரு லட்சம் மாத்திரை. அதற்கு முப்பது கிலோ பொடி.

சரியாகக் கசிகிறதா என்பதை லேபில் ஆறு கண்ணாடிக் குடுவைகளில், உடல் சூட்டில் இருக்கும் நீரில், மாத்திரைகளைப் போட்டுக் கலக்கிப் பார்ப்பார்கள். நான்கு மணி நேரத்தில் நூற்றுக்கு ஐம்பதிலிருந்து எழுபது பங்கு வெளியே வந்திருக்கலாம். எழுபதைத் தாண்டினால் அது மெதுவான மாத்திரை அல்ல. மேலே நான் எழுதியிருக்கும் 'நான்காம் மணி' இதுதான்.

சல்லடையக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நான் வேலைக்குப் போகும் ஏழு பத்து வண்டி அவருடையது. 1995இல் அவருக்குச் சர்க்கரை கண்டது. சாதாரண மாத்திரை விழுங்கிய அரை மணியில் அவர் வயிறு பொருமத் தொடங்கும். ஒரு நாள் பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஐம்பத்திரண்டு பயணிகளும் பார்த்திருக்க, எதிரே இருந்த பெட்ரோல் பங்குக்குள் ஓடினார். பதினோரு நிமிடம் கழித்துத்தான் வந்தார். அதன் பிறகு வேலை நாட்களில் காலை மாத்திரையையும் மதிய மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

"மாத்திரையும் வேணும் ஸ்டியரிங்கும் வேணும்னா நடக்காது தேதி சார்" என்றார் என்னிடம். "ரெண்டுல ஒண்ணுதான் கையில நிக்குது."

போக்குவரத்து அலுவலக மருத்துவர் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. 1998 அக்டோபர் சோதனையில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. 2000 ஜூன் சோதனைக்குள் இறங்காவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி, பணிமனை வாசலில் சீட்டுக் கிழிக்க உட்கார்த்திவிடுவதாக எழுதிக் கொடுத்தார். மெதுவாகக் கசியும் மாத்திரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு மாதம் வாங்கிப் பார்த்தார்கள். வயிறு அமைதியாக இருந்தது, விலை இருக்கவிடவில்லை. எங்கள் மாத்திரை அதில் நாலில் ஒரு பங்கு விலைக்கு வரும். ஆனால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி கிடைத்தால்தான் கடைக்கு வரும்.

"சாயங்காலம் வரும்போது ஒரு கை அள்ளிட்டு வாயேன். லட்சத்துல முப்பது கொறஞ்சா யாருக்குத் தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

"தேதி சாருக்குத் தெரியும்" என்றாராம் சல்லடையக்கா. "அதோட, அது இன்னும் மாத்திரையே ஆகல. பாஸாகட்டும், கடையில வரிசையில நின்னு வாங்கித் தர்றேன்."

1998இல் எல்லாம் நன்றாகவே நடந்தது. கட்டியாகவே வைத்திருப்போம், வேண்டியபோது அரைப்போம், அரைத்த வாரமே மாத்திரை அடிப்போம். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு என்று எண்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆகஸ்டில் முதலாளி பெரிய அரவை இயந்திரம் வாங்கினார். நவம்பரில் நானூறு கிலோ கட்டி வந்து இறங்கியது. "மொத்தத்தையும் அரைச்சு ரெடியா வெச்சிடுங்க. ரெடியா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார். பிசின் அறைப் பெண்கள் இடுப்பொடிய அரைத்தார்கள். ட்ரம்முக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ வீதம் பதினாறு ட்ரம். கிடங்குக்காரர் அவற்றுக்கு நீலப் பெயின்ட்டில் எண் எழுதி, நூல் பிடித்தாற்போல் அடுக்கிவைத்து, வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பிறகு எடுப்பது கிடங்கின் சட்டம். அதிலும் அவர் ஒரு முறைகூடத் தவறியதில்லை.

பிறகு எண்கள் ஏறத் தொடங்கின.

லேபின் தலைவரை நாங்கள் டாக்டர் என்போம். அது ஆராய்ச்சிப் பட்டம். காவலாளி ஒரு முறை அவரிடம் முதுகுவலிக்கு மருந்து கேட்டு, "அந்த டாக்டர் இல்லப்பா நான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். நேர்மையான மனிதர், உழைப்பாளி. எண்கள் ஏறியதும் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. அழுத்தும் இயந்திரத்தைப் பிரித்தார். மாத்திரையின் கடினத்தை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். குடுவைகளின் வெப்பமானிகளை மாற்றினார். பிசினையும் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு சரக்கு வரும்போதும் ஒரு கிலோ கட்டியை மாதிரியாக லேப் அலமாரியில் பூட்டிவைப்பது எங்கள் வழக்கம். அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து, கல்வத்தில் நுணுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, அதன் கெட்டித்தன்மையை அளப்பார். ஒவ்வொரு முறையும் முதல் தரமாக வந்தது. 'பிசின்: தேறியது' என்று நான் ஐந்து முறை எழுதியிருக்கிறேன்.

02.06.1999 அன்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி அடிக்கும் மாத்திரைகளில் தொடர்ச்சியாக மூன்று பேட்ச் தேறிய முடிவுகளை 30.09.1999க்குள் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் காலாவதியாகும். டாக்டர் பிசினை முப்பது கிலோவிலிருந்து முப்பத்தைந்தாகக் கூட்டிப் பார்த்தார். ஜூனில் 74. ஜூலையில் 77. மாத்திரை பெரிதானதுதான் மிச்சம். "இதை மனுஷன் முழுங்கணுமா, மாடு முழுங்கணுமா?" என்றார் முதலாளி. செப்டம்பர் தாண்டினால் பிசின் மாத்திரைக்குத் தலைமுழுகிவிட்டு இருமல் மருந்தோடு நிறுத்திக்கொள்ளப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

அந்தச் செய்தி பிசின் அறைக்குப் போனபோது சல்லடையக்கா தன் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. புட்டி கழுவத் திரும்பப் போகத் தெரியாதா என்ன. "அப்போ இந்த மாத்திரை வரவே வராதா சார்?" என்றுதான் கேட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன், அன்று எடுக்கப்போகும் பொடியில் ஒரு கரண்டி அள்ளி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைப்பார். தேநீர் இடைவேளையில் வந்து பார்ப்பார். பொடி ஊறி டம்ளரின் வாய்வரை கூழாக ஏறியிருக்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எந்தப் பதிவேட்டிலும் இல்லை. "அடுப்புல வெச்சத எட்டிப் பாக்காம இருக்க முடியுமா?" என்பார். ஆறாம் ட்ரம் திறந்த பிறகு கூழ் டம்ளரில் பாதிக்குமேல் ஏறவில்லை. கரண்டிதான் சின்னதோ என்று கரண்டியை மாற்றினார். அப்போதும் பாதிதான்.

05.08.1999, வியாழன், காலை 10.40. இரண்டு டம்ளர்களோடு லேபுக்குள் வந்தார். டாக்டர் குடுவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"டாக்டர் சார், ஒரு நிமிஷம். இந்த டம்ளர்ல ஒரு ஸ்பூன நிக்க வைங்க."

"எதுக்கும்மா?"

"நிக்க வைங்க சார், சொல்றேன்."

நிறுத்தினார். நின்றது. இரண்டாவது டம்ளரில் நிறுத்தினார். ஸ்பூன் மெல்லச் சாய்ந்து விளிம்பில் முட்டிக்கொண்டு கிடந்தது.

"ரெண்டும் ஒரே பிசின்" என்றார் சல்லடையக்கா. "விழுந்தது ஏழாம் நம்பர் ட்ரம். நிக்குதே, அது அதே சரக்குல பட்டை ஜாஸ்தின்னு எங்க ரூம் மேசை டிராயர்ல ஒதுக்கி வெச்ச கட்டி. பட்டைய சுரண்டிட்டு இன்னைக்குக் காலையில நானே அரைச்சேன். ஒரே கரண்டி, ஒரே தண்ணி."

"ஒரே பிசின்னா ஒரே மாதிரிதானேம்மா இருக்கணும்? மாதிரிக் கட்டிய நான் போன வாரம்கூட பார்த்தேன், அருமையா இருக்கு."

"நீங்க கட்டிய பாக்கறீங்க சார். அத அப்பப்போ புதுசா நுணுக்கிப் பாக்கறீங்க. மாத்திரைக்குப் போறது கட்டியா? ட்ரம்ல கெடக்கற பொடி இல்ல?"

சல்லடையக்கா விடவில்லை. "எங்க ரூம்ல அடிக்குதே ஒரு புளிச்ச வாடை, அது எங்கேருந்து வருது?"

"பிசின்ல இருந்துதான். அதுல இருக்கற அமிலம் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறுது."

"டிசம்பர்ல ட்ரம்ல கொட்டும்போது கண்ணு எரிஞ்சுது. இப்போ மூடியத் தொறந்து மூக்க உள்ளயே விட்டாலும் ஒண்ணும் தெரியல. எட்டு மாசமா எதுவோ ஒண்ணு பொடிய விட்டுப் போய்க்கிட்டே இருக்கு. அது போனா பொடி மட்டும் எப்படி சார் அப்படியே இருக்கும்?"

டாக்டர் ஸ்பூனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் படித்த புத்தகங்களில் இது இருந்தது. கட்டியாக இருந்தால் வருடக்கணக்கில் தாங்கும் பிசின், பொடியாக்கினால், அதுவும் வெப்பமான கிடங்கில், வலுவிழந்துகொண்டே போகும். தெரிந்த விஷயம்தான், பூட்டிவைத்த மாதிரிக் கட்டியின் நல்ல எண்கள் அதை மறக்கடித்துவிட்டன. அன்றே கருவியில் அளந்தார். ஏழாம் ட்ரம் பொடிக்குப் புதுப்பொடியில் பாதி வலுகூட இல்லை.

"தேதி சார், இந்த ட்ரம் எப்போ அரைச்சது?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். கட்டி வந்த தேதி இருந்தது. எடைபோட்ட தேதி, சோதித்த தேதி, ட்ரம்முக்கு எண் எழுதிய தேதி, கிடங்கிலிருந்து எடுத்த தேதி, எல்லாம் இருந்தன. அரைத்த தேதி இல்லை. அரைத்த வாரமே மாத்திரை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் போட்ட கட்டங்கள் அவை. தனியாக ஒன்று தேவைப்பட்டிருக்கவில்லை. புதிய இயந்திரம் வந்த பிறகு கட்டத்தைக் கூட்ட எனக்குத் தோன்றவில்லை.

"இல்லை" என்றேன்.

"டிசம்பர் மாசம் சார்" என்றார் சல்லடையக்கா. "எழுதிக்கோங்க. இனிமே அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடுங்க."

அன்று பிற்பகலே கோடு போட்டேன்.

இனி வேண்டியது புதுக் கட்டி. மரங்களில் கீறும் பருவம் முடிந்திருந்தது. டாக்டர் நான்கு வியாபாரிகளுக்குத் தொலைபேசினார். ஒருவரிடம் தொண்ணூறு கிலோ இருந்தது, கிலோ 410. 27.08.1999 அன்று வந்து சேர்ந்தது. மூன்று பேட்சுக்குச் சரியாக இருக்கும். ஒரு பேட்ச் கெட்டாலும் நான்காவதுக்குப் பிடி பிசின் கிடையாது. அதனால் பட்டை பொறுக்கும்போது போகும் எடைக்கு ஈடாக, மாதிரிக் கட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ள டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கிடங்குக்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவருடைய நீல எண் ட்ரம்களில் இருநூற்று நாற்பது கிலோ பொடி மீதம் இருந்தது. அதை ஒரு துணி அச்சடிப்பவருக்கு விற்க முடிவாகியிருந்தது. புதுச் சாக்குகளைப் பிசின் அறைக்குக் கொண்டுவந்த கிடங்குக்காரர் ஒரு யோசனையோடு வந்தார்.

"தொண்ணூறையும் ஒரே நாள்ல அரைச்சுடுங்கக்கா. எனக்கு ஒரே என்ட்ரியோட முடிஞ்சிடும்."

சல்லடையக்கா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். "உங்க என்ட்ரி முடியணும்னு நாங்க மாத்திரை செய்யறோமா? முப்பது முப்பதாத்தான் அரைப்பேன். அரைச்ச மறுநாள் மாத்திரை அடிக்கணும். நடுவுல உங்க கிடங்கு பக்கமே இது வராது."

"அப்போ எங்கே வெப்பீங்க?"

"எங்கயும் வெக்க மாட்டேன். அதான் விஷயமே."

மூன்று வாரமும் ஒரே ஒழுங்கில் நடந்தது. வியாழன் அரவை, வெள்ளி மாத்திரை, திங்கள் சோதனை. திங்கட்கிழமைகளில் சல்லடையக்கா லேபுக்குள் வரமாட்டார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் எண்ணை எழுதி, மை காய்ந்த பிறகுதான் தலையை நிமிர்த்துவேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "ரிசல்ட்ட முழுங்கிட்டு மெதுவா விடறீங்களே சார், நீங்களே அந்த மாத்திரை மாதிரிதான்" என்றார்.

06.09.1999: 57. 13.09.1999: 59. 20.09.1999: 58.

முடிவுகள் 28ஆம் தேதி போயின. அக்டோபர் 18இல் ஆய்வாளர் நேரில் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். குறைவாகப் பேசுகிறவர், அதிகமாகப் புரட்டுகிறவர். பிசின் அறையில் அரை மணி இருந்தார். ஜன்னலோரத்து டம்ளரைப் பார்த்து, "இது என்ன, யாரோ குடிக்க வெச்சதா?" என்று கேட்டார்.

"குடிச்சா ரெண்டு நாளைக்குப் பசிக்காதுங்கம்மா" என்றார் சல்லடையக்கா. பிறகு அது என்னவென்று விளக்கினார். ஆய்வாளர் குறிப்பேட்டில் நான்கு வரி எழுதிக்கொண்டார்.

04.11.1999 அன்று வந்த கடிதத்தில் ஒரே கேள்விதான். தேறாத ஐந்து பேட்ச்களில் சேர்ந்த பொடி எந்தெந்தத் தேதியில் அரைக்கப்பட்டது? அரைத்த நாளுக்கும் மாத்திரை அடித்த நாளுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, பொடியை எத்தனை நாள்வரை பயன்படுத்தலாம் என்று அலுவலகம் முடிவு செய்யும். சரியாகச் சொன்னால், ஜனவரியின் 64 வரம்புக்குள் இருந்தது, தேறாதவை நான்குதான். அவர்கள் ஐந்தையும் கேட்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் பதில் வேண்டும்.

முதலாளி அறையில் கூடினோம். முதலாளி, டாக்டர், சல்லடையக்கா, நான்.

"ஒரு பக்கம்தானே" என்றார் முதலாளி. "ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் வரிசையா தேதி போட்டு ஒரு தாள் எழுதி உள்ள வெச்சுடுங்க தேதி சார். நடந்ததத்தானே எழுதறோம். பொய்யா சொல்றோம்?"

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடுபட்ட கட்டம் என்னுடையது. அதை நிரப்ப மாட்டேன் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தகுதி வேண்டுமே.

"உனக்குத்தான் தேதியெல்லாம் ஞாபகம் இருக்காமேம்மா" என்று முதலாளி சல்லடையக்காவிடம் திரும்பினார். "சொல்லு, இவர் எழுதிடட்டும்."

"மூணு ட்ரம் வரைக்கும் அடிச்சுச் சொல்வேன் சார். ஒண்ணும் ரெண்டும் டிசம்பர் ஒண்ணாம் தேதி, மூணு ரெண்டாம் தேதி. ஒண்ணாம் தேதி புது மெஷின்ல பெல்ட் அறுந்தது, அதனால தெரியும். மிச்சம் பதிமூணும் பத்தாம் தேதிக்குள்ள முடிஞ்சுது. எது எந்த நாள்னு எனக்குத் தெரியாது."

"தோராயமா சொல்லு."

"தோராயம்னு எழுதுவீங்களா?"

"அதையெல்லாமா எழுதுவாங்க?"

"அப்போ சொல்ல மாட்டேன் சார்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியாதுன்னு எழுதினா அனுமதி குடுப்பாங்களா? உன் வீட்டுக்காரருக்கு இந்த மாத்திரை வேணும்னு நீதானேம்மா ஒவ்வொரு திங்கக்கிழமையும் வாசல்ல வந்து நின்னே?"

"அதனாலதான் சார்" என்றார் சல்லடையக்கா. குரல் ஏறவில்லை. "இந்தத் தேதிய வெச்சுத்தான் பொடி எத்தன நாள் தாங்கும்னு அவங்க கணக்குப் போடப் போறாங்க. நாம ஒரு தேதிய இழுத்துப் போட்டா அவங்க கணக்கும் இழுத்துக்கிட்டுப் போகும். அப்புறம் நாலு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் அந்தக் கணக்கப் பாத்து பழைய பொடியில மாத்திரை அடிப்பான். அது வண்டி ஓட்டிக்கிட்டிருக்கற ஒருத்தர் வயித்துல மொத்தமா எறங்கும். அவர் பின்னாடி அம்பது பேர் உக்காந்திருப்பாங்க. ஞாபகம்னா ஞாபகம்னு எழுதுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதுங்க."

டாக்டர், "எழுதலாம் சார். பொடியோட வலுவ அளந்த எண்கள் நம்மகிட்ட இருக்கு, அதையும் சேர்த்து அனுப்பலாம்" என்றார். முதலாளி கையை விரித்தார். "எப்படியோ போங்க. இருமல் மருந்து எங்கேயும் ஓடிப்போகல."

பதிலை நான் எழுதினேன். 'ட்ரம் 1, 2: 01.12.1998. ட்ரம் 3: 02.12.1998. ட்ரம் 4 முதல் 16 வரை: 02.12.1998க்கும் 10.12.1998க்கும் இடையில், நாள் தெரியவில்லை. ஆதாரம்: அரைத்தவரின் நினைவு. பதிவு எதுவும் இல்லை. பதிவேட்டில் இதற்கான கட்டம் 05.08.1999 அன்றுதான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் இல்லாதது பதிவாளரின் விடுபாடு.' கீழே நால்வரும் கையெழுத்திட்டோம். சல்லடையக்கா தன் முழுப் பெயரை எழுதினார். 15.11.1999 அன்று அஞ்சலில் சேர்த்தேன்.

டிசம்பரில் கடிதம் கிடைத்ததாக ஓர் அட்டை வந்தது. ஜனவரியில் ஒன்றும் வரவில்லை. ஏழு பத்து வண்டியில் ஓட்டுநர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், நான் இன்னும் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவர் காலை மாத்திரையை மறுபடி தொடங்கியிருந்தார், மனைவியின் உத்தரவு. பெட்ரோல் பங்க்காரர் அவருக்கென்று கழிப்பறைச் சாவியைத் தனி ஆணியில் மாட்டிவைத்திருந்தார்.

"உன் ஆபீஸ் கடுதாசி வர்றதுக்குள்ள அந்தப் பங்க்ல எனக்கு பங்கே குடுத்துடுவாங்க போல" என்று அவர் மனைவியிடம் சொன்னதாகக் கேள்வி.

கடைசிக் கடிதம் பிற்பகல் தபாலில் வந்தது. உறையைப் பிரித்து இரண்டு முறை படித்துவிட்டு, பிசின் அறைக்கு எடுத்துப் போனேன். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அதற்கு முன் நான் அப்படிச் சொன்னதில்லை. சல்லடையக்கா முகத்துணியை இறக்கிக்கொண்டார். மூன்று பெண்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"படிங்க சார். மை காயறதுக்கெல்லாம் காத்திருக்க முடியாது."

படித்தேன். விற்பனைக்கு அனுமதி வழங்கப்படுகிறது. பிசினை அரைத்த ஏழு நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். நினைவிலிருந்து தரப்பட்ட தேதிகள் அவ்வாறே குறிக்கப்பட்டிருப்பதால் அவ்வாறே ஏற்கப்படுகின்றன.

"ஏழு நாளா?" என்றார். "மூணு போதும். சரி, ஏழுன்னே இருக்கட்டும்." பிறகு விரலை மடக்கி எண்ணினார். "மார்ச், ஏப்ரல், மே. ஜூனுக்கு முழுசா மூணு மாசம் இருக்கு. போதும் சார், அவருக்குச் சர்க்கரை எறங்கிடும்." முகத்துணியை ஏற்றிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போனவர், பாதியில் நின்று திரும்பினார்.

"வந்த தேதிய எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன்: 23.02.2000.